நீல விளக்கு எரியும் கூலிங் பேட்

போன வாரம் உத்திரமேரூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், லேப்டாப் சூடாகாமலிருக்க அடியில் வைக்கும், நீல விளக்கு எரியும் கூலிங் பேட் வாங்கினேன்.

"ஏசி ரூம்ல வெச்சா மாதிரி கீது பாருங்க சார்" என்றார் கடைக்காரர்.

நான் பத்திரிகை நிருபர். தென்னேரி ஏரி நிரம்பிய செய்தியை அனுப்பும்போது, அந்தப் பேட் மேல் வைத்திருந்தும் லேப்டாப் சூடேறி அணைந்துவிட்டது. மறுநாள் மற்ற எல்லாப் பேப்பரிலும் அந்தச் செய்தி இருந்தது; எங்கள் பேப்பரில் மட்டும் இல்லை.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். காற்று இழுக்கும் துளைகள் பின் ஓரத்தில் இருந்தன. பேடின் விசிறியோ நடுவில், வெறும் பிளாஸ்டிக்குக்கு வீசிக்கொண்டிருந்தது.

இன்று அந்தக் கடைக்குப் போனேன். மானாம்பதியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அதே பேடை நீட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"உன் லேப்டாப்ப கொஞ்சம் கவுத்துக் காட்டும்மா" என்றேன். அதிலும் துளைகள் ஓரத்தில்தான். என் கதையையும் சொன்னேன்.

"இது வேணாண்ணா" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

"இன்னா சார், ஏவாரத்தக் கெடுத்துக்கினு கீறீங்க? வேற மாத்தித் தரேன், உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"சொல்லுங்க. நல்லா சூடா."

கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டீயை முழுதாக ஆறவைத்துக் குடிப்பது என் பழக்கம்.

கூலிங் பேட் வாங்க வருகிறவர்கள், லேப்டாப்பையும் கையோடு எடுத்து வாருங்கள். கவிழ்த்துப் பார்க்க ஆள் இருக்கிறேன்.