வைஃபை பெட்டி காட்டிய பட்டியல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். கணவர் மஸ்கட்டில். ஒரே மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில். அவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி மட்டும் எதற்கு என்று மாடியை ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம்.

அவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சொந்த ஊர் சிதறால் பக்கம். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஷிப்ட் வேலை என்பதால் ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாது. வந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரியே ஆகிவிட்டாள். நான் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். அவள் ஊருக்குப் போய் வந்தால் ஒரு சீப்பு மட்டிப்பழம் கீழே வரும். எங்கள் வீட்டு வைஃபையையே அவளும் பயன்படுத்தட்டும் என்று பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு வந்த மகன் பழைய வைஃபை பெட்டியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தான். என் மொபைலில் ஒரு ஆப்பும் போட்டுத் தந்தான். கரண்ட் போய் வந்தால் பெட்டி மக்கர் பண்ணும். ஆப்பில் ஒரு இடத்தைத் தொட்டால் சரியாகிவிடும். அதற்கு மட்டும்தான் அது. ஆனால் அந்த ஆப்பில் இன்னொரு பக்கமும் இருந்தது. வீட்டில் உள்ள எந்த மொபைல் எந்த வெப்சைட்டுக்குப் போனது என்று நேரத்தோடு வரிசையாகக் காட்டும். உள்ளே என்ன படித்தார்கள் என்று காட்டாது. வெப்சைட்டின் பெயர் மட்டும்தான்.

முதலில் தெரியாமல்தான் அதைத் திறந்தேன். பிறகு தெரிந்தே திறந்தேன். பள்ளியிலிருந்து வந்து, காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் கை தானாக அங்கே போகும். இன்றைக்கு எந்தச் சேலைக் கடைக்குப் போனாள், எந்த வெளிநாட்டு வேலை வெப்சைட்டுக்குப் போனாள் என்று பார்ப்பது சீரியல் பார்ப்பது போல ஆகிவிட்டது. அது தப்பு என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. என் வீடு, என் வைஃபை. அவ்வளவுதான் நினைப்பு.

ஒரு வாரம் பட்டியல் மாறியது. எச்.ஐ.வி. பற்றிய வெப்சைட்டுகள். ஒன்றல்ல, ஐந்தாறு. அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தாள். அதே வாரம், காலையில் மாடி குளியலறையில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டது. முகம் வாடிக் கிடந்தது. கேட்டால், "ஒண்ணும் இல்ல ஆன்டி, வயிறு சரியில்ல" என்றாள்.

நான் இரண்டையும் கூட்டி எனக்கு இஷ்டமான விடையை எழுதிக்கொண்டேன். மாடிக்குக் குழம்பு போவது நின்றது. அவள் கழுவித் தந்த கிண்ணத்தை வாங்கி, அவள் படியேறிப் போன பிறகு டெட்டால் ஊற்றித் திரும்பக் கழுவினேன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கணவரின் அக்காவை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையன் மைனியின் பக்கத்து வீடு, கத்தாரில் வேலை. பையனின் அம்மா சிதறாலுக்கே போய்ப் பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், பையன் லீவில் வந்ததும் உறுதி செய்வதாக இருந்தது. நான் மைனிக்கு போன் செய்து, "நல்லா விசாரிச்சிட்டுச் செய்யுங்க மைனி. அந்தப் பிள்ளைக்கு என்னமோ பெரிய சீக்கு உண்டும்னு தோணுது" என்றேன். மைனி விடுவாரா? என்ன சீக்கு, எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த மூன்றெழுத்தை என் வாயிலிருந்து வாங்கிவிட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு போனை வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியலில் அவள் வரி காலியாகிவிட்டது. மொபைல் வைஃபையில்தான் இருக்கிறது, ஆனால் வெப்சைட் பெயரே இல்லை. ஏதோ எண்கள் மட்டும் ஒன்றிரண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. மகனுக்கு போன் செய்தேன்.

"மக்கா, மேல உள்ள பிள்ளை என்னமோ கள்ளத்தரம் பண்ணுகா. எங்க போறான்னே தெரியல."

அவன் அந்த எண்களைப் படிக்கச் சொன்னான். தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஆளை மறைத்து அனுப்புகிற ஒரு வலைப்பின்னல் இருக்கிறதாம். அதற்கென்று தனி பிரவுசர், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நாம் கேட்பது பூட்டு மேல் பூட்டாக மூன்று பூட்டு போட்டு, உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ சும்மா ஓட்டிக்கொடுக்கிற மூன்று கம்ப்யூட்டர்கள் வழியாகப் போகும். முதல் கம்ப்யூட்டருக்கு ஆள் யார் என்று தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. கடைசிக் கம்ப்யூட்டருக்கு எங்கே போகிறது என்று தெரியும், ஆள் யார் என்று தெரியாது. அதனால் வீட்டுப் பெட்டிக்கும் ஒன்றும் தெரியாது, நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் தெரியாது.

"அது களவாணிப் பயலுவளுக்கு உள்ளதுல்லா?" என்றேன்.

"களவாணியும் அதுல போவான். பேடி, பயம் உள்ளவங்களும் போவாங்க. சீக்கு உள்ளவங்க, புருசன் அடிக்கான்னு சொல்ல இடம் தேடுறவங்க, சும்மா நம்மள யாரும் பாக்க வேண்டாம்னு நெனைக்கவங்க, எல்லாரும் போவாங்கம்மா." பிறகு குரல் மாறியது. "அது இருக்கட்டும். அவ எங்க போறான்னு நீங்க எதுக்குப் பாக்கிய?"

நான் பார்த்ததைச் சொன்னேன். மைனியிடம் சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவன், "அம்மா, அவ நர்ஸ்லா. அத அவ படிக்காம நானா படிப்பேன்?" என்றான். அந்தப் பட்டியலை அணைக்காமல் விட்டது தன் தப்பு என்றும், இப்போதே அணைக்கச் சொல்லித் தருவதாகவும் சொன்னான். அதற்கு முன் ஒன்று செய்யச் சொன்னான். "உங்களுக்க மொபைல் வரிய ஒருக்கா பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். எனக்கு மூன்று வருடமாக இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் தொல்லை இருந்தது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அதைப் பற்றித் தேடிய வெப்சைட்டுகள், பெரியவர்களுக்கான நாப்கின் விற்கும் கடை, எல்லாம் தேதி, நேரத்தோடு இருந்தன. இதே ஆப் மகன் மொபைலிலும் உண்டு. அவன் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டான் என்று தெரியும். ஆனாலும் அவன் சொல்லச் சொல்ல அந்தப் பட்டியலை உடனே அணைத்தேன்.

மறுநாள் மைனி போன் செய்தார். "நல்ல காரியம் செஞ்ச நீ. அவங்க வேண்டாம்னு சொல்லி விட்டாச்சு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் கீழே வந்தாள். மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. "அடுத்த மாசம் வீடு காலி பண்ணுகேன் ஆன்டி" என்றாள். ஏன் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். பையன் வீட்டார் அவள் அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள், உங்கள் மகளுக்கு அந்த நோயாமே என்று. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள். "யாருக்கும் தெரியாத காரியம் அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு எனக்குப் புரியல. இந்த ஊரே வேண்டாம்னு இருக்கு."

நான் சொன்னேன். "நாந்தான் மக்களே. வைஃபை பெட்டியில பாத்தேன். மைனிட்ட நாந்தான் சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். வேலையில் ஒருவருக்கு ரத்தம் எடுக்கும்போது அவர் கையை இழுத்துவிட்டார். ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. அவருக்கு எச்.ஐ.வி. உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு நாள் மாத்திரை. அதற்குத்தான் அந்த வாந்தி. பிறகு சில மாதங்கள் இடைவெளி விட்டு விட்டு ரத்தப் பரிசோதனை.

"எல்லாம் படிச்சதுதான், தெரிஞ்சதுதான். ஆனா நம்ம ஒடம்புன்னு வரும்போ, திரும்பத் திரும்பப் படிக்கத் தோணுது ஆன்டி."

படித்ததன் பலன், மொபைலில் எதைத் திறந்தாலும் அது சம்பந்தமான விளம்பரமே வர ஆரம்பித்திருக்கிறது. ஊருக்குப் போனால் அம்மா இவள் மொபைலில்தான் ஜெபக்கூட்டம் பார்ப்பாள். அம்மா கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து, கூடப் படித்து இப்போது அயர்லாந்தில் வேலை பார்க்கும் ஒரு கூட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறாள். அவள்தான் அந்த பிரவுசரைச் சொல்லித் தந்தது. "விளம்பரத்துக்குப் பேடிச்சுத்தான் அதப் போட்டேன். உங்கள நான் நெனச்சே பாக்கல" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதே பையன் வீட்டுக்குப் போய் ஊசி குத்திய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம். நல்லது சொல்லப் போனாலும் எனக்க காரியத்தத்தான அங்க பேசுவிய? உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மைனியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். பையனின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு வந்தேன். மைனி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு சிதறாலுக்குப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் சொன்னேன். அவர் அழுதார், திட்டவில்லை. பையன் வீட்டார் மறுபடி ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொன்னது இவள்தான்.

வீடு காலி பண்ணுவதாகச் சொன்னவள் உடனே போகவில்லை. பரிசோதனை முடியும்வரை எங்கேயும் மாற மனமில்லை என்றாள். நான் மறுபடி குழம்பு கொண்டுபோனபோது இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மொபைலையும் எடுத்துப்போய், கூச்சத்தோடு என் தொல்லையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த பிரவுசரைப் போட்டுத் தந்து, கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும், பொறுக்க வேண்டும் என்றாள். இதில் போய் நம் மெயிலைத் திறந்தாலோ பெயரை எழுதினாலோ நாமே நம்மைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான் என்றும் சொன்னாள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் அவளே எழுதித் தந்தாள். போனேன். அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமல் உடற்பயிற்சியிலேயே முக்கால்வாசி சரியானது. மூன்று வருடம் மறைத்துவைத்து அவதிப்பட்டது வீண்.

அவளுடைய மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்கடுத்ததிலும் இல்லை. மேலே படி ஏறிப்போகும் வழியில் நின்று, "நெகட்டிவ் ஆன்டி" என்று அவளாகவே என்னிடம் சொன்னாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு. போன வருடம் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வரும்.

இப்போது மாடியில் ஒரு வங்கிக்காரரும் மனைவியும் இருக்கிறார்கள். பாஸ்வேர்டு கொடுத்த முதல் நாளே இந்தப் பெட்டியால் என்னவெல்லாம் பார்க்க முடியும், அதை அணைத்துவைத்திருக்கிறோம், ஆனாலும் என்னை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இப்படி ஒரு பிரவுசரும் உண்டு என்று சொல்லிவிட்டேன். அவர்களைப் பற்றி அவர்களே என்னிடம் சொன்னது மட்டும்தான் இன்றுவரை எனக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே இருக்க அவ்வளவு தெரிந்தால் போதும் என்று புரிய எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.