ஜெர்மானியமும் அரூர்ச் சம்பந்தமும்

இன்று அரூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம்.

கேசரி வருவதற்கு முன்பே பெண்ணின் அப்பா ஒரு பங்குப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். டிரான்சிஸ்டர் செய்கிற ஒரு கம்பெனியின் பங்கு.

"தம்பி எலக்ட்ரானிக்ஸ் படிச்சவரு. கல்யாணச் செலவுக்கு இதத்தாங்க நம்பி இருக்கேன். இப்பவே வித்துரலாமா, தை வரைக்கும் வச்சிருக்கலாமா?"

"நாளைக்கே வித்துருங்க. இவங்க இன்னும் ஜெர்மானியம்ங்கற பழைய பொருள்லயே பண்றாங்க. கொஞ்சம் சூடானாலே தகராறு பண்ணும். எல்லாரும் சிலிக்கானுக்கு மாறிக்கிட்டு இருக்காங்க, இவங்ககிட்ட அதுக்கு மெஷினே கெடையாது."

அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"தைக்குள்ள வெல ரெண்டு மடங்காகும்னு தரகர் சொன்னாருங்களே?"

"அந்தாளுக்கு என்னங்க தெரியும்? டிரான்சிஸ்டருக்கு எத்தன காலுன்னு கேட்டுப் பாருங்க. கமிஷன் கெடச்சா எதையும் நல்ல சரக்குன்னுதான் சொல்லுவாரு."

அவர் பத்திரத்தை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"உங்க ஜாதகத்தயும் அவருதாங்க கொண்டாந்தாரு. தங்கமான பையன்னாரு."

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். தருமபுரி பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

சிலிக்கான் பற்றி நான் சொன்னதில் தப்பிருந்தால் மட்டும் நண்பர்கள் எழுதவும்.