கோப்ரலின் அம்மா

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்டியின் மகன் ராணுவப் பணியில் உயிரிழந்தவர். அவரோடு இருந்த சிப்பாய் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஞாயிறுதோறும் ஆன்டியைப் பார்க்க வருவார். முறுக்கு மீசை, அதற்குச் சற்றும் பொருந்தாத தொப்பை. வாசலில் விறைப்பாக நின்று ஆன்டிக்குச் சல்யூட் அடித்த பிறகுதான் உள்ளே நுழைவார்.

"மழையில நனையாத லா, உள்ள வா!" என்று ஆன்டி கத்தினாலும் கேட்கமாட்டார்.

"எதுக்கு அண்ணே சல்யூட்?" என்றேன் ஒருநாள்.

"அவங்க மகன் எனக்கு மேல கோப்ரல். அவரு இல்ல, அதான் அம்மாவுக்கு."

ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. காய்ச்சல் என்று தெரிந்ததும் ஆன்டி ரசத்தோடு என் காரில் ஏறிவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் எங்களைக் கண்டதும் சிப்பாய் படுக்கையிலிருந்து தள்ளாடி எழுந்து கையை உயர்த்தினார்.

"பேசாம படு! இது ஓர்டர்!" என்றார் ஆன்டி.

உடனே படுத்துக்கொண்டார். மீசை மட்டும் துடித்தது. சிரித்தாரா, அழுதாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.