மூன்றாம் எஞ்சின் இல்லாத விமானம்

கேப்டன் ஃபவ்வாஸ் காகிஷுக்கு ஐம்பத்தேழு வயது. அவர் ஓட்டிய விமானத்துக்கு இருபத்தைந்து. இருவரில் விமானத்துக்குத்தான் வயதாகிவிட்டது என்று கம்பெனி முடிவு செய்தது. நான்கு எஞ்சின்கள், ஏகப்பட்ட எரிபொருள். அதற்குப் பதிலாக இரண்டே எஞ்சின்களுள்ள பெரிய விமானங்கள் வரப்போவதாக ஜோர்டான் தலைநகர் அம்மானிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு செய்தி இருந்தது. புது விமானத்துக்கான பயிற்சி ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும்.

விமானிகள் பிரிவின் மேலாளர் நபீல் அவருக்கு ஏலக்காய் போட்ட காபி கொடுத்தார். அந்த ஊர் மரியாதைப்படி, மகன் பெயரைச் சொல்லி 'இஸ்ஸாமின் அப்பா' என்று அழைத்தார்.

"அபூ இஸ்ஸாம், ரெண்டு வழி இருக்கு. மரியாதையா ஓய்வு வாங்கிக்கலாம். இல்லேன்னா சின்ன விமானத்துக்கு மாறிக்கலாம்."

"சின்னதுல கேப்டன் சீட்டு காலியா இருக்கா?"

"இல்ல. வலப்பக்க சீட்டுதான் இருக்கு."

வலப்பக்க இருக்கை துணை விமானியுடையது. ஃபவ்வாஸ் அதில் கடைசியாக உட்கார்ந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. காபியைக் குடித்து முடித்தார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அதற்கு முன் கடைசி நான்கு எஞ்சின் விமானத்தை ஸ்பெயினில் பழைய விமானங்களைப் பிரித்தெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலையும் அவருக்கே வந்தது. பயணிகள் இல்லை. உணவும் ஏற்றவில்லை, மனைவி ஹியாம் கட்டிக்கொடுத்த, ஸாத்தர் மூலிகைப்பொடி தடவிய ரொட்டிதான். இறங்கியதும் அங்கிருந்த ஆள் ஒரு படிவத்தில் 'விமானம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதி நகலைக் கிழித்துக் கொடுத்தான். பயணியாகத் திரும்பி வரும்போது ஃபவ்வாஸுக்கு நடு இருக்கை கிடைத்தது. இருபுறமும் இருந்தவர்கள் தூங்கினார்கள்.

பயிற்சி ஆறு வாரம். வகுப்பில் இருந்த மற்றவர்கள் அவரை 'கேப்டன்' என்று அழைத்துவிட்டு, பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாடம் கஷ்டமில்லை. கைதான் கேட்கவில்லை. நான்கு எஞ்சின்களில் ஒன்று நின்றால் விமானம் முணுமுணுக்கும், அவ்வளவுதான். சின்ன விமானத்தின் இரண்டில் ஒன்று நின்றால் பாதி பலம் போய்விடும், விமானம் ஒரு பக்கம் இழுக்கும், காலால் சட்டென்று பெடலை அழுத்த வேண்டும். தரையிறங்கும்போது இன்னொரு சங்கடம். பெரிய விமானத்தில் விமானி மூன்றாம் மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பழக்கத்தில் அவர் சிறிய விமானத்தின் மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிட்டார். அது காற்றில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. தரையிலேயே நிற்கும் பயிற்சி இயந்திரமான சிமுலேட்டர் என்பதால் யாருக்கும் இடுப்பு போகவில்லை.

சிமுலேட்டர் தேர்வில் புறப்பட்டவுடன் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். ஃபவ்வாஸ் நிதானமான குரலில், "மூணாவது எஞ்சின் போச்சு," என்றார். பரிசோதகர் தம் குறிப்பில் எழுதினார்: 'இந்த விமானத்தில் மூன்றாவது எஞ்சின் இல்லை. மறுதேர்வு, பத்து நாளில்.'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ஹியாம் பள்ளியில் இருபது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்.

"எத்தனை மார்க்?"

"மார்க் கிடையாது. பாஸு, இல்லேன்னா ஃபெயிலு."

"அப்ப ஃபெயிலு."

"ஆமா."

மறுநாள் சமையலறைச் சுவரில் விமானி அறையின் பெரிய படத்தை அவர் ஒட்டினார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஹியாம் கூஸா என்னும் சின்னச் சுரைக்காய்களைக் குடைந்து அரிசியும் கறியும் அடைத்துக்கொண்டே சரிபார்ப்புப் பட்டியலை வாசித்தாள். அவர் பதில் சொல்லி, படத்திலுள்ள ஸ்விட்சைத் தொட வேண்டும்.

"ரெண்டாவது எஞ்சின்ல தீ," என்றாள்.

அவர் கை நீண்டது.

"அது ஒண்ணாவது. நல்லா ஓடுற எஞ்சினை அணைச்சிட்டீங்க. இப்ப ரெண்டுமே இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. முதல்லேர்ந்து."

ஒன்பது நாள் இப்படிப் போனது. படத்தில் தக்காளிச் சாறு தெறித்திருந்தது. கடைசி இரண்டு நாள் அவள் தாளைப் பார்க்காமலே கேட்டாள். பத்தாம் நாள் அவர் தேறிவிட்டார். பரிசோதகர் 'திருப்தி' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். ஃபவ்வாஸ் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

முதல் மாதம் நாட்டின் தென்கோடித் துறைமுகமான அகபாவுக்குப் போகும் விமானம். முக்கால் மணி நேரப் பயணம். கேப்டன் தலால் ஷிஷானி. ஒரு காலத்தில் ஃபவ்வாஸுக்கு வலப்பக்கம் துணை விமானியாக உட்கார்ந்து நியூயார்க் வரை வந்தவள். அப்போது அவர் அவளை 'நீ' என்பார்.

"இன்னிக்கு நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டார்.

"போகும்போது நான். எப்பவும் போல நீன்னே சொல்லுங்க அபூ இஸ்ஸாம்."

"இல்ல கேப்டன். இங்க வேண்டாம்."

அகபாவில் பின்காற்று இருந்தது. இறங்கும்போது வேகம் குறையவில்லை. ஃபவ்வாஸ் பார்த்தார், அவள் கவனித்திருப்பாள் என்று நினைத்துக் காத்திருந்தார். மலை பக்கத்தில் வந்தது.

"வேகம் அதிகம்," என்றார். "சுத்தி வருவோம்."

அவள் மறுபேச்சில்லாமல் விமானத்தை மேலே தூக்கினாள். இரண்டாம் முறை ஒழுங்காக இறங்கினார்கள். பயணிகள் போன பிறகு அவள் கேட்டாள்.

"ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா மத்தவங்கதான் எங்கிட்ட சொல்வாங்க. நான் சொல்லிப் பழக்கமில்ல."

"உங்ககிட்ட சொல்றதுக்கு நாங்க எவ்வளவு பயப்படுவோம் தெரியுமா?"

ஃபவ்வாஸுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அகபா ஓடுபாதையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எரிபொருள் வண்டி வந்து நின்றது.

"பயந்துகிட்டே சொன்னீங்களா, சொல்லாம விட்டீங்களா?"

"ரெண்டு தடவை விட்டிருக்கேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

அவர் அந்த இரண்டு தடவை எவையென்று கேட்டார். அவள் தேதியோடு சொன்னாள்.

சின்ன விமானத்தில் கேப்டன் ஆவதற்கான பட்டியலில் இப்போது அவர் பதினோராவது. அதற்குள் ஓய்வு வயது வந்துவிடும் என்று நபீல் வருத்தத்தோடு சொன்னார். ஃபவ்வாஸுக்கு அதைப் பற்றிப் பெரிய வருத்தமில்லை. அகபா, பெய்ரூட், கெய்ரோ என்று போய் மதியம் இரண்டு மணிக்கு வீடு வந்துவிடுகிறார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் வாரம் முழுக்க வீட்டில் சாப்பிடுவது இதுதான் முதல் முறை. சில நாளில், அவர் மறுபடியும் சமையலறையில் வந்து நின்றதும், ஹியாம் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

"தூரமா எங்கயும் அனுப்ப மாட்டாங்களா இந்த விமானத்துல?"