ஆறாவது உறை

தீவுக் கிராமமான சௌல்தாரியில் இருக்கும் எங்கள் கிணறு ஊரறிந்த கிணறு. ஊர் என்றால் கோயம்புத்தூர், புனே, கொல்கத்தா எல்லாம் சேர்த்துத்தான். தினமும் காலை ஆறரை மணிக்கு என் மனைவி செல்போனைக் கிணற்றுக்குள் நீட்டிப் படம் பிடித்து, எங்கள் ஹோம்ஸ்டேயின் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவாள். கீழே ஒரே வரி: "இன்று நான்கு உறை தெரிகிறது." கிணற்றுக்குள் அடுக்கிய சிமெண்ட் வளையங்களைத்தான் உறை என்கிறோம். தண்ணீர் இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாக வெளியே தெரியும்.

கடலின் படத்தைப் போடாமல் கிணற்றின் படத்தைப் போடுகிறவளை நான் கேலி செய்யாத நாளில்லை.

"வர்றவங்க சுத்திப் பார்க்க வர்றாங்களா, கிணத்தைப் பார்க்க வர்றாங்களா?"

"சுத்திப் பார்க்க நம்ம தண்ணி வேண்டாம். வந்து குளிக்க வேணும்ல?" என்பாள். அவளிடம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு வங்காள அம்மாளின் கத்தரித் தோட்டமும் அதை நம்பித்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு அறை கட்டிய முதல் வருஷம், மழையில்லாத மார்ச்சில் ஒருநாள்கூட அறை காலியில்லை. வந்தவர்கள் கடலில் ஊறிவிட்டு, திரும்பி வந்து எங்கள் குளியலறையிலும் ஊறினார்கள். ஒருநாள் காலை அந்த அம்மாள் காலி வாளியோடு வாசலில் நின்று, "பாபி, பானி கதம்" என்றார். அண்ணி, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றதோடு சரி, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். தோட்டம் முழுக்கக் கருகியது. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் படமும் அவள் போட்ட சட்டமும் வந்தன. ஆறு உறை தெரிந்தால் புக்கிங்கை மூடிவிட வேண்டும். மழை வரும்வரை யாருக்கும் அறை கிடையாது.

ஃபீனிக்ஸ் பே துறைமுகக் கவுண்டரில் தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க "சீட் நஹி ஹை", சீட் இல்லை என்று யாருக்கும் அஞ்சாமல் சொல்லும் வாய் எனக்கு. ஆனால் அடுத்த மார்ச்சில், கூட வேலை செய்பவர் ஒருவர் திருப்பூரிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள், உன் வீட்டில் நாலு நாள் இடம் வேண்டும் என்று கேட்டபோது, அந்த வாய் அடைத்துப் போனது. அதற்கு முந்தைய நாள்தான் அவள் புக்கிங்கை மூடியிருந்தாள். நான் வீடு திரும்பும் பஸ்ஸிலேயே போனை எடுத்து, அந்த நாலு நாளையும் அவர்களுக்காகத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் பார்த்துவிட்டாள். வழக்கம்போலக் கிணற்றைப் படம் பிடித்தாள். திருப்பூர்க்காரர்களுக்கு எழுதியதை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள்: "என் கணவர் தெரியாமல் தேதியைத் திறந்துவிட்டார். கிணற்றில் ஆறு உறை தெரிகிறது. நீங்கள் இப்போது வந்தால் பக்கத்துத் தோட்டம் காய்ந்துவிடும். மழைக்குப் பிறகு வர முடியுமா?"

'தெரியாமல்' என்ற ஒரு பொய்யை எனக்காகச் சேர்த்திருந்தாள். எனக்கோ கோபம் தலைக்கேறியது.

"நாளைக்கு ஆபீஸ்ல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?"

"அதே மூஞ்சியை அந்தம்மாகிட்டக் காட்ட முடியுமாங்க?"

குளிக்கப் போனேன். ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டேன். மதியம் திருப்பூரிலிருந்து பதில் வந்தது. ஆகஸ்டில் வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோடையில் தோட்டம் பிழைத்தது. அம்மாள் கொண்டுவந்து கொடுத்த கத்தரிக்காயை நான்தான் அதிகம் தின்றேன்.

ஆகஸ்டில் சொன்னபடி வந்தார்கள். வண்டியிலிருந்து பைகளை இறக்கும் முன்பே வந்தவர்களில் ஒரு அம்மா, பள்ளிக்கூட ஆசிரியை, நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டுதான் தெரியுது" என்றார் முகமெல்லாம் மலர்ந்து.

மார்ச்சிலிருந்து தினமும் காலையில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாராம். ஏப்ரலில் ஏழாகி எட்டானபோது திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கவலைப்பட்டிருக்கிறார். மே கடைசியில் மழை வந்து ஒன்று குறைந்த அன்று கூட வேலை பார்க்கும் ஆசிரியைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாராம்.

"மொத்தம் எத்தனை உறைங்க சார்?" என்று என்னைக் கேட்டார்.

பத்தொன்பது வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். ஒருநாளும் குனிந்து எண்ணியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவியை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது.

"பன்னெண்டு" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து அவள்தான் சொன்னாள்.