சந்தனம் பூசிய போனும் கடைசி அப்டேட்டும்

நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள். என் போனைச் செய்து விற்ற கம்பெனியைத்தான் சொல்கிறேன். பழசைப் புதுசு என்று என் தலையில் கட்டினீர்கள்.

நான் மலேசியாவில், கிள்ளானில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். போனில் இருக்கும் ஓட்டுநர் செயலி சவாரிக்கு ஆள் காட்டினால்தான் எனக்கு வேலை. அதனால் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் கார் சாவியோடு போனும் சாமி முன்னால் உட்காரும். வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. என் மனைவியின் சட்டம் அது.

போன வருஷம் பூஜைக்குக் கொடுக்கப் போகிற நேரம் பார்த்து போனில் ஓர் அறிவிப்பு வந்தது. இதுதான் கடைசிப் பாதுகாப்பு அப்டேட், இனி வராது. எனக்கு ரத்தம் கொதித்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்டேட் நின்ற போனில் கொஞ்ச நாளில் செயலி திறக்காது என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"கொண்டாங்க," என்று மனைவி கையை நீட்டினாள்.

"இது செத்துப் போச்சுடி."

"நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சப் பாரு. சாமி பாத்துக்கும்லா. குடுங்க."

வாங்கி, உச்சியில் சந்தனத்தைப் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். எங்கள் கல்யாணத்தில் எனக்குக்கூட அவ்வளவு வைக்கவில்லை.

விடிந்ததும் போனை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தேன். வேலை தொடங்க முகத்தைக் காட்டு என்றது செயலி. காட்டினேன். அடையாளம் தெரியவில்லை என்றது. வாசலுக்குப் போய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். திரையில் என் முகம் புகைமூட்ட நாளில் தெரிகிற கோலாலம்பூர் மாதிரி மங்கலாக இருந்தது. முடிந்தது, கம்பெனி கொன்றுவிட்டது என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நேராகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் போன் வாங்கிய கடைக்குக் காரை விட்டேன். கோயிலுக்குக் கிளம்பியிருந்த மனைவியும் மகளும், கோயிலில் கொடுக்க வைத்திருந்த சுண்டலோடு காரில் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் நான் திட்டினேன். பின்சீட்டில் அவர்கள் சுண்டல் தின்றார்கள்.

கடைக்காரர் போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணே, இதுக்கு அப்டேட் வேணாம். குளிப்பாட்டணும்."

முன்கேமரா மேல் சந்தனம் காய்ந்து படிந்திருந்தது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். செயலி பச்சை காட்டியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் உறை வாங்க வந்த ஓர் ஆன்டி எனக்குக் கைதட்டினார்.

"நான் சொன்னேன்ல சாமி பாத்துக்கும்னு," என்றாள் மனைவி.

"சாமியாலதான் இந்த வம்பே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சமிருந்த சுண்டல் கடை முழுக்கப் போனது. நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் அந்த அறிவிப்பு போனில் அப்படியேதான் இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன்.

"நீங்க வாங்கறப்பவே இந்த மாடலுக்கு ரெண்டு வயசு அண்ணே. மாடல் வெளிவந்த நாள்லேர்ந்துதான் கம்பெனி வருஷம் எண்ணும். நீங்க வாங்கின நாள்லேர்ந்து இல்ல."

"அன்னிக்கே ஏன்லா சொல்லல?"

"அன்னிக்கு நீங்க கேமராவும் பேட்டரியும்தான் கேட்டீங்க. இதை யாரும் கேக்கறதில்ல."

இப்போது ஓடும், எதுவரைக்கும் என்று தனக்கும் தெரியாது என்றார். அலமாரியிலிருந்த புதுப்பெட்டிகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கேமராவைப் பற்றிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்டேட் எந்த வருஷம் நிற்கும் என்று எதிலும் இல்லை. ரொட்டிக்குக்கூடத் தேதி போட்டு விற்கிறார்கள்.

அதே போன்தான் இன்னும் ஓடுகிறது. இந்த வருஷம் மனைவி பொட்டைப் பின்பக்கம் வைத்தாள். ஒவ்வொரு காலையும் செயலி திறந்ததும் வீட்டில் மூன்று பேரும் கைதட்டுகிறோம். எந்தக் காலை திறக்காமல் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனிக்காரரே, உங்களுக்குத் தெரியும். பெட்டி மேல் அந்தத் தேதியை ஏன் போடவில்லை? புகாருக்குத் தானாகப் பதில் எழுதும் உங்கள் சாட் மெஷினை வைத்து எனக்குத் தனியாக மன்னிப்பு அனுப்ப வேண்டாம். நாலு பேர் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.