பீலித் தண்ணீரும் மாரித்தின் காரும்

நோர்வேக்கு வந்து ஆறு வருடமாகியும், ஒரு கார் சுவரோடு வயரால் கட்டப்பட்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சுவரோரம் தினமும் அப்படி ஒன்று நின்றது. என்னோடு வேலை செய்யும் மாரித்தின் மின்சாரக் கார். அவளும் அவள் மகளும் ஏறிவிட்டால் அதில் ஒரு தேங்காய் வைக்கக்கூட இடமிருக்காது. அந்தக் காரைப் பொறுத்தவரை சிரிப்பெல்லாம் முதல் வாரத்தோடு சரி, பிறகு வயிற்றெரிச்சல்தான். இந்த நாட்டில் மின்சாரக் கார் பஸ் பாதையிலேயே போகலாம், சும்மாவே நிறுத்தலாம். பனியில் கால் விறைக்க நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் கை காட்டிக்கொண்டு போவாள். கை காட்டாமல் போனால் குறைந்தா போய்விடுவாள்?

ஒருநாள் அவளாகவே எனக்குப் பாடம் எடுத்தாள். சாதாரண பிளக்கில் செருகினால் மெதுவாக ஏறும், காலையில் போட்டால் வேலை முடியும்போதுதான் நிரம்பும். தடித்த வயரும் தனிப் பெட்டியும் வைத்தால் அதில் பாதி நேரம். இனி வரப்போகும் பெரிய இயந்திரமோ அரை மணியில் ஏற்றிவிடுமாம், ஆனால் அவள் காருக்கு அது ஒத்துவராதாம். சார்ஜ் ஏற்றுவதை இங்கே ‘லாடிங்’ என்பார்கள். அவள் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால், உலகத்திலேயே முதன்முதலில் கண்டுபிடித்தது அவள்தான் போலிருந்தது.

“உங்கள் ஊரில் லாடிங் எப்படி?” என்று கேட்டாள்.

“தோளில் தூக்கிக்கொண்டு போவோம்.”

காரைத் தூக்குகிறோம் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளக்கப் போகவில்லை.

நான் சொன்னது பேட்டரியை. தொண்ணூறுகளில், இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில்தான் டீவி. தீர்ந்தால் சாக்கில் சுற்றி, பஸ் ஏறி, டவுனில் சார்ஜ் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடை முதலாளி கேட்பது ஒரே கேள்வி: “ஸ்லோவா, குயிக்கா?” ஸ்லோ என்றால் இரண்டு நாள் கடையிலேயே கிடந்து, நிதானமாக அடிவரை ஏறும். குயிக் என்றால் காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கலாம், ஆனால் சூடேறி மேலாக நிரம்பி, சீக்கிரமே இறங்கிவிடும். பேட்டரிக்கும் ஆயுசு குறையும். அப்பாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. “குயிக்லயே போடுங்க மொதலாளி, ஞாயித்துக்கெழம படம் இருக்கு” என்பார்.

அந்தப் படம் பாதி ஓடும்போதே எங்கள் டீவித் திரை நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கும். வந்திருந்த சனமெல்லாம் எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். அது மகேஸ் அக்கா வீடு. புருஷன் தோட்டத்து லொறி டிரைவர். அவர்கள் டீவி கடைசிவரை ஓடும். “வாங்க, வாங்க, உள்ள தள்ளி உக்காருங்க” என்று அந்த அக்கா கூப்பிடுவது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

மலையிலிருந்து குழாயில் வந்து விழும் ஊற்றுத் தண்ணீரைப் பீலி என்போம். பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் அப்பா அங்கே போத்தலில் பிடித்து வந்து ஊற்றுவார். “இதவிட சுத்தமான தண்ணி எங்க இருக்கு?” என்பார். மகேஸ் அக்கா பக்கத்தில் துணி அலசியபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முதலாளி பேட்டரி மூடியைத் திறந்ததும் தலையில் கை வைத்தார்.

“ஐயோ, பீலித் தண்ணியா ஊத்துனீங்க? டிஸ்டில் வோட்டர்ல்ல ஊத்தணும்! பேட்டரி செத்துப்போச்சு. ஒங்க லயத்து டிரைவர் இங்கதான வாங்கிட்டுப் போறாரு, சொல்லலையா?”

சொல்லவில்லை. அதோடு எங்கள் வீட்டில் டீவி நின்றது. மகேஸ் அக்காவை நான் மனதுக்குள் ஏசாத ஏச்சில்லை.

இப்போது லயத்துக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டதாம். ஆகவே இதை வாசிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பழங்கதையாக இருக்கலாம். எனக்கு அது போன இலையுதிர் காலத்தில் திரும்பவும் நடந்தது. மாரித் காரின் பேட்டரி மூடிகளைத் திறந்து, சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய ரகக் காருக்குள் இருந்ததும் நம் பழைய ஈயப் பேட்டரிதான். “கடையில் வாங்கியது தீர்ந்துவிட்டது. எங்கள் குழாய்த் தண்ணீரைவிட சுத்தமானது எங்கே இருக்கிறது?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவளும் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன். அன்று மட்டுமல்ல, குளிர்காலம் முழுக்க அவள் ஊற்ற ஊற்றப் பார்த்துக்கொண்டு நின்றேன். பனி உருகுவதற்குள் கார் நடுவழியில் நின்றுவிட்டது. தனியாக மகளை வளர்க்கிறவள். புதுப் பேட்டரிகள் வாங்க வழியில்லாமல் காரைப் பழைய இரும்பாகக் கொடுத்துவிட்டாள்.

இப்போது தினமும் பஸ்ஸில் வருகிறாள். எனக்கு முந்திய தரிப்பில் ஏறி, எனக்காக ஓர் இடம் பிடித்து வைக்கிறாள். ஆறு வருடத்தில் இந்த நாட்டில் எனக்காக யாரும் இடம் பிடித்ததில்லை. எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான்.

நேற்று கேட்டாள், “ஊரில் உனக்கு நல்ல அயலவர்கள் இருந்தார்களா?”

“இருந்தார்கள்” என்றேன். “அடுத்த வீட்டில், அப்படியே என்னைப் போல ஒருத்தி.”

“அப்படியென்றால் நீ கொடுத்துவைத்தவள்” என்று, கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ள மனம் வரவில்லை; பதிலுக்குப் பிடிக்கக் கை வரவில்லை.